கால்வாய்ப் பக்கம் திரும்பிய வீடு

நீலசந்திராவில் எங்கள் குறுக்குத் தெருவிலுள்ள ஆஞ்சலாவின் வீடு, இரண்டு வருஷத்துக்கு முந்திய அக்டோபர் ஏழாம் தேதி சாயங்காலம் தெருவுக்கு முதுகு காட்டத் தொடங்கி, அந்த மாதம் முப்பதாம் தேதி முழுசாகத் திரும்பி முடித்தது. வாசல் கதவு, ஜன்னல், கதவுக்கு மேலே மாட்டியிருந்த திரு இருதயப் படம், கரண்ட் மீட்டர் எல்லாம் பின்பக்கத்துக் கால்வாயைப் பார்த்துப் போய்விட்டன. தெருப் பக்கம் மிஞ்சியது சமையலறையின் பின்சுவரும் புகைபோக்கி ஓட்டையும்தான். சுவரில் ஒரு கீறல் இல்லை. மேசையில் வைத்த தம்ளர் தண்ணீர் சிந்தவில்லை. தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு, ஜெபமாலை நேரத்தில், அம்மிக்கல்லை நகர்த்துவதுபோல ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அந்த மாதம் தக்காளி நாற்பது ரூபாய்க்கு விற்றது, காவிரித் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்தது, ஆஞ்சலாவின் வீடு திரும்பியது.

கார்ப்பரேஷனிலிருந்து ஸ்ரீஹர்ஷா என்ற இளவயசு இன்ஜினியர் டேப்போடு வந்து அளந்துவிட்டுப் போனார். நாளுக்கு ஏழரை டிகிரி வீதம் திரும்பியிருக்கிறது என்றார். ஏழரை என்றதும் தெருவிலிருந்த ஆறு இந்துக் குடும்பங்களும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டன. இரண்டு பக்கமும் கையகல சந்துதான், நீள்சதுர வீடு, நடுவில் மூலை இடிக்காமல் எப்படித் திரும்பியது என்று அவர் கேட்டார். பாதி வழியில் ஒரு நாள் வீடு வயிற்றை எக்கிக்கொண்டது, நாங்கள் பார்த்தோம் என்று சொன்னோம். அதையும் கன்னடத்தில் எழுதிக்கொண்டார். பத்திரத்தில் காட்டிய திசையில் வாசல் இல்லாததற்கு விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ் வந்தது. அதைக் கொடுக்க வந்த ஆளுக்கு வாசல் அகப்படாமல் பின்சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்.

விளக்கம் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. இந்தத் தெரு வேறு எதற்கும் வாயை மூடிக்கொண்டிருந்ததாகச் சரித்திரம் கிடையாது, இதற்கு மட்டும் மூடிக்கொண்டது.

ஆஞ்சலாவுக்கு அப்போது ஐம்பத்து நாலு வயசு. வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷம். தொம்மலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் பேன்ட்ரி வேலை. காலையில் காபி மெஷினுக்குப் பால் ஊற்றுவதிலிருந்து சாயங்காலம் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்ப்பது வரை அவர் பொறுப்பு. ஒரே மகன் ஃபிராங்க்ளின், கல்யாணமாகி பொம்மனஹள்ளியில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்மா வீட்டுக்கு வந்து மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போவான். நாற்பத்தேழு வயசில் ஒரு டாக்டர் ஆஞ்சலாவின் கர்ப்பப்பையில் சின்னதாக நார்க்கட்டி இருக்கிறது என்றும், பீரியட்ஸ் நின்றுவிட்டால் அது தானாகச் சுருங்கிவிடும், பயப்பட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அதில் தப்பில்லை, பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். ஐம்பத்தோரு வயசில் நின்றது. ஆஞ்சலா தேங்காய் உடைக்காத குறையாகச் சந்தோஷப்பட்டார், கட்டியை மறந்தே போனார்.

மூன்று வருஷம் கழித்து, பிப்ரவரி மாதத்தில் மறுபடி ரத்தம் பட்டது. அதை நோய் என்று அவர் நினைக்கவில்லை. கட்டினவன் போய்ச் சேர்ந்த பிறகு உடம்புக்கு இளமை திரும்பிவிட்டதாக நினைத்து வெட்கப்பட்டார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டிய விஷயமா இது என்றுகூட யோசித்தாராம். மருந்துக் கடையில் நாப்கின் கேட்டால் இந்த வயசில் யாருக்கு என்று பார்ப்பார்களே என்று பழைய காட்டன் புடவையைக் கிழித்துக்கொண்டார். துணியைக் கொடியில் போட்டால் நாங்கள் பார்த்துவிடுவோம் என்று கட்டிலுக்கு அடியில் உலர்த்தினார். நாங்கள் பார்த்திருப்போம்தான், சந்தேகமே இல்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கொடியை வைத்தே அந்த வீட்டின் முழு ஜாதகத்தையும் சொல்லிவிடுவார்கள்.

ஜூன் மாதத்தில் வயிறு தெரிய ஆரம்பித்தது. மெலிந்த உடம்பு, குச்சிக் கை, முன்னால் மட்டும் உருண்டையாக ஒரு வயிறு. கம்பெனியில் கொடுத்த நீலக் கோட்டின் பித்தான் போட முடியாமல் பெரிய அளவு கேட்டு வாங்கினார், பிறகு அதையும் விடப் பெரியது. முதலில் பேசியது யார் என்று கேட்டால் இன்றைக்கு எல்லோரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். உள்ளது உள்ளபடி எழுத வேண்டுமென்றால், பக்கத்து வீட்டு ஜோசஃபின்தான். அறுபது வயசு, தெருவின் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த எங்கள் அன்பியத்தின் தலைவி, எந்த வீட்டில் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு நிற்கிற மனுஷி. ஒரு நாள் தண்ணீர் பிடிக்கும்போது, ஆஞ்சலா நடப்பதைப் பார்த்துவிட்டு, ஐந்து மாசம் இருக்கும்போல என்று ஒரு வார்த்தை விட்டார். வேடிக்கையாகச் சொன்னதாகத்தான் ஆரம்பம். குடம் நிரம்புவதற்குள் அது வேடிக்கையாக இல்லாமல் போய்விட்டது. அடுத்த மாசம் ஆறு என்றோம், அதற்கடுத்து ஏழு என்றோம். கம்பெனி வேன் டிரைவரைச் சேர்த்துச் சொன்னவர்கள் உண்டு. அந்த டிரைவர் யார், எப்படியிருப்பார் என்று எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

ஜூலையில் ஆஞ்சலாவே ஒரு ஸ்கேன் சென்டருக்குத் தனியாகப் போனார். இங்கே ஆணா பெண்ணா என்று சொல்லப்படாது என்ற போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்த பெண், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், கர்ப்பிணிகளுக்கான தாளை எடுத்து வைத்துக்கொண்டு எத்தனை மாசம் என்று கேட்டது. பின்னால் பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பேர். அந்தப் பெண் மேல் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம், நாள் பூராவும் கேட்கிற கேள்வி. ஆஞ்சலா பர்ஸை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். பஸ்ஸில் வரும்போது முந்தானையை வயிற்றின் மேல் இரண்டு மடிப்பாகப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு நாலு மாசம் எந்த டாக்டரிடமும் போகவில்லை. இந்த நாலு மாசத்தை மறந்துவிடாதீர்கள், மறக்க முடியாமல் தவிக்கிறது எங்கள் தெரு.

செப்டம்பரில் ஃபிராங்க்ளின் வருவதை நிறுத்திக்கொண்டான். ஆபீஸ் வேலை என்றான், மனைவிக்குச் சளி என்றான். அவனுக்கும் யாரோ போன் பண்ணிச் சொல்லியிருந்தார்கள். யார் என்பது தெரியும், அந்த வீட்டின் கதை அப்புறம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டு, "மம்மி, என்கிட்ட மட்டும் சொல்லு. யாரு?" என்று கேட்டான். ஆஞ்சலாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் போனை வைத்துவிட்டார். அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதை இறக்கி வைத்தவர் சாப்பிடவில்லை.

அக்டோபர் வந்தது. ஜெபமாலை மாதம். எங்கள் தெருவில் வீடுகள் ஒரே வரிசைதான், எதிரே பழைய மரக்கிடங்கின் மதில். மொத்தம் முப்பத்தொரு வீடு. மாசத்துக்கு முப்பத்தொரு நாள், ஆண்டவரே நமக்காக அளவெடுத்துக் கட்டின தெரு என்று ஜோசஃபின் பெருமையாகச் சொல்வார். மாதா சுரூபம் நாளுக்கு ஒரு வீடாகத் தங்கும். சாயங்காலம் மெழுகுவர்த்தியோடு பாடிக்கொண்டே அடுத்த வீட்டுக்குத் தூக்கிப் போவோம், அந்த வீட்டார் ஜெபம் முடிந்து சுண்டல் கொடுப்பார்கள். இந்து வீடுகளும் வாசல் கழுவி வாங்கிக்கொள்வார்கள். ஆறாம் நாள் ஜோசஃபின் வீடு, ஏழாம் நாள் ஆஞ்சலா வீடு. இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். அந்த வருஷம் ஜோசஃபின் பட்டியலைப் பார்த்து, உடம்பு முடியாதவங்களை எதுக்குச் சிரமப்படுத்தணும் என்றார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றோம். அன்பியக் குறிப்பேட்டில் ஏழாம் வீட்டுக்கு நேரே ஒரு கோடு போடப்பட்டது. ஆஞ்சலாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஏழாம் தேதி அவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து வாசலைக் கழுவியிருந்தார். முன்னறையில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி, நாற்பது பேருக்குச் சுண்டல். வெளுத்த ஊதாப் புடவையில் வாசலில் கைகூப்பி நின்றார். நாங்கள் ஜோசஃபின் வீட்டிலிருந்து மாதாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். அந்த வீட்டைத் தாண்டும்போது பாட்டைக் கொஞ்சம் சத்தமாகவே பாடினோம். தலையைக் குனிந்துகொண்டவர்கள் உண்டு, குனியாமல் வயிற்றைப் பார்த்தவர்களும் உண்டு. தெருமுனை வரை போய்த் திரும்பி வருவார்கள் என்று அவர் நினைத்தாராம். எட்டாம் வீட்டுக்குள் பாட்டு நுழைந்து, ஜெபம் ஆரம்பித்த பிறகும் அங்கேயே நின்றார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்போதுதான் முதல் சத்தம் வந்தது. காலையில் பார்த்தால் அவர் வாசற்படிக்கும் சாக்கடை மூடிக்கும் நடுவே நாலு விரல் இடம் விழுந்திருந்தது.

ஒரு வீட்டை விட்டுவிட்டதால் பட்டியல் முப்பதாம் நாளே முடிந்துபோய், மாதா ஒரு நாள் முன்னதாகக் கோவிலுக்குத் திரும்பினார். அதே சாயங்காலம் ஆஞ்சலாவின் வீடும் திரும்பி முடித்தது. வீட்டுக்கே வெட்கமாகிவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். பாவி மக்கள், வெட்கம் யாருடையது என்று அப்போதும் புரியவில்லை. ஆஞ்சலாவுக்கு ஒருவிதத்தில் அது வசதியாக இருந்தது. கால்வாய் ஓரத்து ஒற்றையடி வழியாகப் போய், அந்தக் கோடியில் பஸ் பிடித்து வேலைக்குப் போனார். யார் கண்ணிலும் படவில்லை. நாற்றத்துக்கு மூக்கு பழகிவிட்டது, எங்கள் கண்களுக்குப் பழக வேண்டியிருக்கவில்லை என்று பின்னாளில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நவம்பர் நடுவில் அவர் மூன்றாவது முறையாகப் பெரிய கோட்டு கேட்டார். கேட்டது சுப்ரியாவிடம். அந்தக் கம்பெனியின் நிர்வாகப் பிரிவில் இருந்த மண்டியாப் பெண், இருபத்தெட்டு வயசு, தமிழைக் கன்னடத்தில் தோய்த்துப் பேசும். கோட்டை எடுத்துக்கொண்டு பேன்ட்ரிக்குப் போனபோது ஆஞ்சலா பால் பாக்கெட்டுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்க முடியவில்லை, உட்கார்ந்த இடம் நனைந்திருந்தது. சுப்ரியா கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் அதே தரையில் உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, எத்தனை நாளா பிளட் போகுது?" என்று கேட்டாள். பத்து மாசமாக அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. எத்தனை மாசம் என்று கேட்டவர்கள்தான். ஆஞ்சலா பிப்ரவரியிலிருந்து என்றார், சொன்ன பிறகு அழுதார், அழுதுகொண்டே தரையைத் துடைக்க மாப் எங்கே என்று தேடினார். துடைத்தது சுப்ரியா. மறுநாள் அவளே லீவு போட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே டாக்டர் நிருபமா. பேச்சு குறைவு, கை சில்லென்று இருக்கும். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பழைய நார்க்கட்டிச் சீட்டை வாங்கித் தேதியைப் பார்த்துவிட்டு, பீரியட்ஸ் நின்ற பிறகு இந்தக் கட்டி சுருங்க வேண்டும், வளர்ந்தால் அதை நார்க்கட்டி என்று நம்பக்கூடாது என்றார். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கர்ப்பப்பைக்குள்ளிருந்து துளி சதை எடுத்துப் பார்த்ததில் ஒன்றுமில்லை என்று வந்தது. சுப்ரியா கைதட்டப் போனாள். சந்தோஷப்பட அவசரப்படாதீர்கள், இது உள்பூச்சில் வருவதில்லை, சுவரின் தசையிலேயே வருவது, துளியில் அகப்படாது என்று டாக்டர் தடுத்தார். லட்சம் பெண்களில் ஒருவருக்கோ இருவருக்கோ வருகிற புற்று. கட்டியைத் துண்டு போட்டு எடுத்தால் வயிறெல்லாம் விதைத்ததுபோல் ஆகிவிடும், அதனால் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையோடு முழுசாக எடுக்க வேண்டும், வீட்டில் யாராவது கையெழுத்துப் போட வர வேண்டும் என்றார். எனக்கு யாரும் இல்லை என்று ஆஞ்சலா சொன்னார். வந்த நாள் முதல் அவர் சொன்ன ஒரே பொய் அதுதான்.

போன் பண்ணிச் சொன்னது சுப்ரியா. என்ன பாஷையில் என்ன சொன்னாளோ, ஃபிராங்க்ளின் அன்று சாயங்காலமே வந்தான். வீடு திரும்பிய செய்தி அவனுக்குத் தெரியாது, இரண்டு மாசத்துக்கு மேலாக வராதவனுக்கு எப்படித் தெரியும். வண்டியை நிறுத்திவிட்டு வாசலைத் தேடினான். பிறந்து வளர்ந்த வீட்டின் வாசல் இருந்த இடத்தில் சுவர் இருந்தது. சுவரைத் தட்டினான். மம்மி, மம்மி என்று கூப்பிட்டான். நாங்கள் எல்லோரும் அவரவர் ஜன்னலில் நின்று பார்த்தோம், பின்பக்கம் போ என்று ஒருவரும் சொல்லவில்லை. பதினைந்து நிமிஷம் அந்தச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். புகைபோக்கி ஓட்டை வழியாக ஆஞ்சலாதான் குரல் கொடுத்தார், கோடி சுற்றி வாடா, செருப்பைக் கழற்றாதே, கண்ணாடிச் சில்லு கிடக்கு என்று. சுற்றிக்கொண்டு வந்தவன் படியேறவில்லை. கீழேயே நின்று அவர் காலைப் பிடித்துக்கொண்டான். அவர் அவன் தலையில் கை வைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதை மறைத்து எழுதினால் ஆஞ்சலாவுக்கு நியாயம் செய்ததாகாது.

டிசம்பர் முதல் வாரம் ஆபரேஷன். வெளியே எடுத்தது மூன்றே கால் கிலோ. பரிசோதனை ரிப்போர்ட் இரண்டு வாரம் கழித்து வந்தது, இன்னொரு லேபுக்கும் அனுப்பிச் சரிபார்த்தார்கள். லியோமயோசார்கோமா என்று பெயர். நெஞ்சை ஸ்கேன் எடுத்ததில் வலது நுரையீரலில் துவரம்பருப்பு அளவில் இரண்டு புள்ளி. நாலு மாசத்துக்கு முன்னாடியே வந்திருந்தால் இந்தப் புள்ளி இருந்திருக்குமா என்று ஃபிராங்க்ளின் கேட்டான். டாக்டர் நிருபமா பொய்யும் சொல்லவில்லை, குத்தவும் இல்லை. "அது எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது," என்றார். இன்றைக்கு வரை அந்தத் தெரியாததைத்தான் இந்தத் தெரு சுமக்கிறது. இருந்திருக்கும் என்று தெரிந்தால் கொஞ்சம் நிம்மதி. இருந்திருக்காது என்று தெரிந்தால் அழுது தீர்க்கலாம்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்து நாங்கள் கோவில் வாசலில் கூட்டமாக நின்றபோது ஃபிராங்க்ளின் வந்தான். ஒன்பதாம் மாசத்தைத் தாண்டிவிட்டதே, ஒரு சத்தத்தையும் காணோமே என்று அப்போதுதான் யாரோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் கத்தவில்லை. "எங்க மம்மி வயித்துல இருந்தது மூணேகால் கிலோ. கேன்சர். நீங்க எண்ணினீங்க, நானும் எண்ணினேன்," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கூட்டம் கலைய வெகுநேரம் ஆனது. அந்த வருஷம் யார் வீட்டு கிறிஸ்துமஸ் பலகாரமும், கல்கலாவும் வாயில் இறங்கவில்லை, டப்பா டப்பாவாக மிஞ்சி நமுத்துப்போனது.

ஜனவரியிலிருந்து மே வரை இருபத்தோரு நாளைக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள், மொத்தம் ஆறு தடவை. முடி கொட்டியது, நகம் கறுத்தது, நாக்கில் புண், தண்ணீரே இரும்பாக ருசித்தது. ஃபிராங்க்ளின் குடும்பத்தோடு வந்து தங்கினான். சுப்ரியா சனிக்கிழமைதோறும் ராகி மால்ட்டோடு வந்தாள். எங்கள் தெரு என்ன செய்தது என்றால், எல்லாம் செய்தது. பூசைக்குப் பெயர் கொடுத்தோம், சங்கிலி ஜெபம் வைத்தோம், ரசம் கொடுத்தோம், ரத்தம் கொடுக்க ஏழு பேர் போனோம். கால்வாய் ஓரத்துக் கண்ணாடிச் சில்லைப் பொறுக்கி வழி போட்டோம். செய்யாதது ஒன்றுதான், ஒரு வாய் வார்த்தை. ஜோசஃபின் தினமும் கஞ்சி வைத்துத் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்புவார், ஒரு நாள்கூடத் தானே கொண்டுபோகவில்லை. காலித் தூக்குச்சட்டி கழுவித் துடைத்துத் திரும்பி வரும். ஐந்து மாசமும் அப்படியே நடந்தது. மருந்து முடிந்தபோது ஒரு புள்ளி மறைந்துவிட்டது, இன்னொன்று கடுகளவுக்கு வந்து அங்கேயே நின்றது. அது போகுமா வளருமா என்று மூன்று மாசத்துக்கு ஒருமுறை ஸ்கேனில் பார்க்க வேண்டும், வாழ்நாளுக்கும்.

வீடு மட்டும் பழைய பக்கம் திரும்பி வரவில்லை. வரும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். தப்பு செய்தவர்களுக்கு எல்லாம் பழையபடி ஆகிவிட வேண்டும் என்ற ஆசை எப்போதும் உண்டு. அடுத்த அக்டோபரில் ஜோசஃபின் பட்டியலில் ஆஞ்சலாவின் பெயரை முதல் நாளுக்கே போட்டார். வாசல் அந்தப் பக்கம் இருந்ததால் மாதாவைக் கால்வாய் ஓரமாகத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போனோம், ஒற்றையடி வழியில் ஒருவர் பின் ஒருவராக, மூக்கைப் பொத்த வெட்கப்பட்டுக்கொண்டு. ஆஞ்சலா புதிதாய் முளைத்த இரண்டங்குல முடியோடு, முக்காடு போடாமல் வாசலில் நின்றார். சுரூபத்தை வாங்கி மேசையில் வைத்து, அதன் முகத்தைப் பார்த்து, "வாம்மா. உன்னையும் எத்தனை மாசம்னு கேட்டிருப்பாங்களே," என்றார். குரலில் கோபம் இல்லை, கேலி கொஞ்சம் இருந்தது. ஜெபமாலையைத் தொடங்க வேண்டியவர் ஜோசஃபின். வேறு ஒருவர் தொடங்கினார்.

அந்த ஜெபத்தின் நடுவே, ஆறரைக்கு, ஜோசஃபின் வீட்டிலிருந்து அந்த அம்மிக்கல் சத்தம் வந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை. அவர் வீடு நாள் ஒன்றுக்கு ஏழரை டிகிரியில் நிற்கவில்லை, கடைசி வாரத்தில் பத்துப் பன்னிரண்டு என்று ஓடியது, இருபதாம் தேதியே முடிந்துவிட்டது. இருபத்தொன்றாம் தேதி காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தவர் கையில் வாளியோடு அப்படியே நின்றார். எதிரே கால்வாய். பக்கத்தில் ஒரு கை எட்டும் தூரத்தில் ஆஞ்சலா தன் படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "என்னக்கா, உங்களுதும் வந்துடுச்சா?" என்று கேட்டார்.

ஜோசஃபின் வாளியைக் கீழே வைத்தார். ஒரு வருஷமாகத் தொண்டையில் இருந்ததைச் சொன்னார். "ஆஞ்சலா, முதல்ல சொன்னது நான்தான். குழாயடியில. ஃபிராங்க்ளினுக்குப் போன் பண்ணதும் நான்தான்." ஆஞ்சலா அடுத்த கொத்தை எடுத்து உருவினார். "தெரியும்க்கா. நடுவுல கையகல சந்துதானே, அன்னைக்கே கேட்டுச்சு," என்றார். அவ்வளவுதான் பேச்சு. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, சொன்னதாகச் சிலர் பேசிக்கொள்வது பொய். படியில் நகர்ந்து இடம் விட்டார், முறத்தில் பாதிக் கீரையைத் தள்ளி வைத்தார். ஜோசஃபின் உட்கார்ந்து உருவினார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கூடப் போகிறவர் ஜோசஃபின்தான். கடுகு இன்னும் கடுகாகவே இருக்கிறது.

இந்த ஒரு வருஷத்தில் மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாகத் திரும்பின. தங்களுக்குள் இருந்ததை யார் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் தவித்தார்களோ அவர்கள் வீடு முதலில். திரும்பின மறுநாள் காலை அவர்கள் ஏழாம் வீட்டுப் படிக்கு நடந்து போவதைப் பார்க்கலாம். கார்ப்பரேஷன் கால்வாய்க்கு மேல் சிமெண்ட் பலகை போட்டு, விளக்குக் கம்பம் நட்டுவிட்டது. ஸ்ரீஹர்ஷா நோட்டீஸ் அனுப்புவதை நிறுத்திவிட்டார். தபால்காரரும் கேஸ் சிலிண்டர்காரரும் நேரே அந்தப் பக்கமே வருகிறார்கள். தெருவைப் பார்த்து நிற்கிற வீடு இன்னும் ஒன்றுதான் பாக்கி. அன்பியக் குறிப்பேடு இருக்கிற வீடு, ஏழாம் பெயருக்கு நேரே கோடு போட்ட பேனா இருக்கிற வீடு, இதை எழுதிக்கொண்டிருக்கிற வீடு. நேற்று சாயங்காலம் ஆறரைக்கு அடுக்களைப் பக்கம் அம்மிக்கல் நகர்கிற சத்தம் கேட்டது. காலையில் பார்த்தேன், வாசற்படி நாலு விரல் நகர்ந்திருக்கிறது.